இரைப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில்

நான் மருந்து ஒப்பந்தங்கள் எழுதுகிறவள். பெருங்குடியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாவது மாடியில் எங்கள் அலுவலகம். குப்பைக் கிடங்குப் பக்கமிருந்து காற்று வீசும் என்பதால் ஜன்னல்களைத் திறக்க முடியாதபடியே கட்டியிருக்கிறார்கள். ஒரு சிறிய கம்பெனி புற்றுநோய்க்குப் புது மருந்து ஒன்றைக் கண்டுபிடிக்கும். அதை மனிதர்களிடம் சோதித்துச் சந்தைக்குக் கொண்டுவர அதற்கு வசதி இருக்காது. பெரிய கம்பெனி ஒன்று உரிமை கேட்டு வரும். எல்லாப் புற்றுநோய்க்கும் கேட்காது, ஒன்றிரண்டுக்கு மட்டும் கேட்கும். எது அந்த ஒன்று, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதித் தருவதுதான் என் வேலை. நுரையீரல் புற்றுநோய் என்று சும்மா எழுதிவிட முடியாது. வேறு உறுப்பில் தொடங்கி நுரையீரலுக்குப் பரவியது இதில் சேருமா? நுரையீரலைச் சுற்றிய உறையில் வருவது சேருமா? இப்படியே ஒரு சொல்லுக்குப் பக்கம் பக்கமாகப் போகும்.

போன வருடம் என்னிடம் வந்த ஃபைலில் இரைப்பைப் புற்றுநோய் பெரிய கம்பெனிக்கு. உணவுக்குழாய்ப் புற்றுநோயைச் சிறிய கம்பெனி வேறொருவருக்குத் தருவதற்காக வைத்துக்கொண்டது. சிக்கல், இரண்டும் சேரும் இடத்தில் வருகிற புற்றுநோய். அதைச் சோதிக்கும் செலவை ஏற்க இரண்டு பேருக்கும் மனமில்லை. அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. வாராவாரம் அந்தப் பத்தி திருத்தங்களின் சிவப்புக் கோடுகளோடு போய், சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குச் சோறு இறங்காமல் போனது. அவர் தி.நகரில் ஏசி மெக்கானிக். நாங்கள் மயிலாப்பூரில் கால்வாய்க் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பா போன பிறகு என்னைச் சட்டக் கல்லூரி வரை படிக்கவைத்தது அவர்தான். முதலில் கேஸ் என்றார், அப்புறம் காரம் என்றார். கடைசியில் தண்ணீர்கூட நெஞ்சில் நிற்க ஆரம்பித்தபோது அடையாறில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நானே இழுத்துப் போனேன்.

ரிப்போர்ட்டை டாக்டர் அறைக்கு வெளியே நின்று வாசித்தேன். நோய் இருந்த இடத்தின் பெயரை வாசிக்கவே தேவையிருக்கவில்லை. முந்தின நாள் மதியம் அதே சொற்களை நான் தட்டச்சு செய்திருந்தேன்.

"இன்னா பாப்பா, வயித்துலயா கீது? சோத்துக் குழாய்லயா?" என்றார் அண்ணன்.

"ரெண்டும் சேர்ற எடத்துலணா."

"அது எந்தக் கணக்குல வரும்?"

ரிப்போர்ட்டை மடித்து உறைக்குள் வைத்தேன். "டாக்டர் சொல்வாரு" என்றேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன், பிறகு மறுபடி கீமோ. புது மருந்து ஏதாவது உண்டா என்று அண்ணி கேட்டாள். "சோதனையில சில மருந்து இருக்கும்மா. ஆனா இவருக்கு வந்திருக்கற எடத்துக்கு இப்போ நம்ம ஊர்ல எதுலயும் ஆள் எடுக்கல" என்றார் அவர்.

அதில் ஒன்றுக்கு, என் ஃபைலில் இருந்த மருந்துக்கு, ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஒப்பந்தம் முடிந்ததும் இந்தியாவிலும் சோதனை தொடங்குவதாகத் திட்டம். அந்த ஃபைலைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். சொல்லியிருந்தாலும் பயனில்லை. இல்லாத சோதனையில் அண்ணனை எங்கே கொண்டு சேர்ப்பது? அண்ணி ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மருந்து கம்பெனிங்களோடதானே பேசிக்கினு கீற. உனக்கு ஒண்ணும் தெரியாதா?"

"நான் பேப்பர் வேல பாக்குறவ, அண்ணி."

பொய்யில்லை. ஆனால் அடையாறு பாலம் தாண்டும்வரை அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் வீடியோ கூட்டம். சலித்துப்போன குரலில் பெரிய கம்பெனியின் வக்கீல் சொன்னார்: "இந்த நடு இடத்தை இரண்டு பக்கமும் சேர்க்காமல் விட்டுவிடுவோம். பின்னால் பார்த்துக்கொள்ளலாம்." சிறிய கம்பெனிக்காரர் உடனே தலையாட்டினார். எல்லோருக்கும் நிம்மதி.

"பின்னால் என்றால் எப்போது?" என்று கேட்டுவிட்டேன்.

வரைவு எழுதுகிறவள் இப்படிக் கேட்பதில்லை. நிறுத்த முடியவில்லை. கட்டியின் மையம் எந்தப் பக்கம் இருக்கிறதென்று டாக்டர்கள் அளந்து சொல்லிவிடுகிறார்கள், அதையே நாமும் எழுதலாம், யாரிடமாவது கொடுத்தால்தானே யாராவது சோதிப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். என் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. பக்கத்தில் இருந்த என் மேலதிகாரி மேடம் எங்கள் பக்கத்து மைக்கை அணைத்தார்.

கூட்டம் முடிந்ததும் அறைக்குள் கூப்பிட்டார். "என்ன ஆச்சு உனக்கு?"

சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதேன். அவர் எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

"உன் அண்ணனுக்காக லீவு எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ. ஆனா இந்த ஃபைலை இனி நீ தொடக் கூடாது. புரியுதுல்ல?"

புரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். சாயங்காலத்துக்குள் அந்த ஃபோல்டர் என் கணினியில் திறக்கவில்லை. நேற்றுவரை ஒரு சொல்லையாவது நகர்த்திப் பார்க்கலாம் என்ற நினைப்பு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டு மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு மாதங்கள். கீமோ அறையில் அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருப்பார். தலைக்கு மேலே ஏசி உறுமும். "கேஸ் கம்மியாகீது, யாரும் பாக்கல போல" என்பார். ஆபரேஷனில் இரைப்பையின் மேல்பாதியையும் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியையும் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் எலும்பாக இருந்தார். கடைக்குப் போய்த் தொழில் பார்க்க முடியாத கோபத்தில் அண்ணியிடம் எரிந்து விழுவார், பிறகு அவளைத் தேடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. இரண்டு கம்பெனிகளும் வெளியிட்ட அறிக்கையை வேளச்சேரி ரயிலில் நின்றுகொண்டே போனில் வாசித்தேன். இரைப்பை என்று இருந்தது. உணவுக்குழாய் என்று இருந்தது. நடுவில் இருப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குப் பதிலாக அதை எழுதிய சகா எனக்கு எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இருவரும் சேர்ந்துதான் டீ குடிக்கப் போகிறோம்.

வேலையை விட்டுவிடலாமா என்று ஒவ்வொரு ஞாயிறும் தோன்றும். வேறு எங்கே போனாலும் இதே வேலைதான், இதே சொற்கள்தான். திங்கட்கிழமை போய்விடுவேன். இப்போது கையில் இருப்பது இரத்தப் புற்றுநோய் ஃபைல். அதிலும் இரண்டு வகைக்கு நடுவில் நிற்கிற ஒன்று உண்டு. அதை ஒரு பக்கம் சேர்த்து எழுதி அனுப்பினேன். சிவப்புக் கோடு அடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

போன வாரம் அண்ணனை ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன். இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். திரும்பும் வழியில் மயிலாப்பூரில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். ஒரு இட்லியைப் பிட்டுப் பிட்டு நெடுநேரம் தின்றார். பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீ ஏன் பாப்பா எப்பவும் எதையோ முழுங்கிக்கினே கீற மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்லணா. நீ சாப்பிடு" என்றேன்.