மாப்பிள்ளையின் வாள் எந்தப் பக்கம்?

என் அலுவலக மேசை இழுப்பறையில் பிளாஸ்டிக் பிடி போட்ட ஒரு கைக்கண்ணாடி கிடக்கிறது. கூடவே பழைய அச்சுப்படம் ஒன்றின் நகல். அதில் வாள் தொங்கும் இடத்தைச் சுற்றி நீலச் சாக்கட்டியால் ஒரு வட்டம். தேரா கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பாய் போட்ட வட்டம் அது.

எனக்கு வேலை அபுதாபியில் ஓர் அருங்காட்சியகத்தில். சில ஆண்டுகளுக்கு முன், முந்நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய பிரெஞ்சு அச்சுப்படங்களைக் காட்சிக்கு வைத்தோம். அரசவைச் சீமான்கள் என்ன உடுத்தினார்கள், எப்படி நின்றார்கள், எப்படிச் சீட்டாடினார்கள் என்று செப்புத் தகட்டில் செதுக்கி, தாளில் அச்சடித்து விற்ற படங்கள். அரண்மனை வாசலை மிதிக்க முடியாதவர்கள் இதைப் பார்த்துத்தான் புது மோஸ்தரைத் தெரிந்துகொண்டார்கள். படத்தில் ஒரு சீமான் போட்டிருக்கும் கோட்டைத் தைத்து அதன் பக்கத்திலேயே நிறுத்தலாம் என்று யோசனை சொன்னவள் நான். படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும், ஒரு நூல் மாறக் கூடாது என்று பாயிடம் அதிகாரம் பண்ணியவளும் நான்தான்.

சுருள் சுருளான பொய்முடி, குதிகால் உயர்ந்த செருப்பு, தோளெல்லாம் ரிப்பன். அந்தச் சீமானைப் பார்த்ததுமே பாய் அவனுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்துவிட்டார். எந்தக் கோட்டையும் கொடுப்பதற்கு முன் தானே ஒருமுறை போட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். திறப்புவிழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் நான் கடைக்குப் போனபோது, மாப்பிள்ளையின் கோட்டில் நின்றுகொண்டிருந்தார். வாளுக்கான பிளவு படத்தில் உள்ளபடி வலப்பக்கம். அதில் மர ஸ்கேலைச் செருகி, வலக்கையால் உருவப் பார்த்தார். முழங்கை மடங்கி அப்படியே நின்றுவிட்டது.

“இந்த மாப்பிள்ளையால வாளை உருவவே முடியாதும்மா. படந்தான் திரும்பிக் கெடக்கு.”

நகலில் வட்டம் போட்டு, ட்ரையல் கண்ணாடி முன் பிடித்தார். கண்ணாடிக்குள் வாள் இடப்பக்கம் போய்ச் சரியாக உட்கார்ந்தது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. தகட்டில் செதுக்குவது தாளில் இடம் வலம் மாறி விழும் என்பது நான் படித்த பாடம். படத்தின் கீழே எழுத்துகள் நேராக இருந்ததால் ஏமாந்துவிட்டேன். செதுக்கியவர் எழுத்தை மட்டும் திருப்பிச் செதுக்கிவிட்டு, ஆளை அப்படியே விட்டிருக்கிறார்.

மாற்ற வேண்டுமென்றால் மேலதிகாரியிடம் என் தவற்றைச் சொல்லியாக வேண்டும். பயந்துபோய், இப்படியே விட்டுவிடலாம், யார் கவனிக்கப் போகிறார்கள் என்றேன்.

“யாரும் கவனிக்க மாட்டாங்கதான். ஆனா நான் தச்சதுன்னுதானம்மா அது அங்க நிக்கும்?”

மறுநாள் மேலதிகாரியைக் கடைக்கே அழைத்துப் போய், நடந்ததைச் சொன்னேன். பாய் அவருக்குக் கோட்டைப் போட்டுவிட்டு, ஸ்கேலைச் செருகி, உருவச் சொன்னார். மனிதர் இரண்டு தடவை முயன்று தோற்றுச் சிரித்துவிட்டார். பாய் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, மிச்சத் துணியில் இரு பக்கங்களையும் புதிதாக வெட்டித் தைத்து, நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தைத்தவர் என்று அவர் பெயரைக் கோட்டின் கீழே போட வைத்தேன். அந்த வேலையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

கோட்டு இன்றும் இடப்பக்கம் வாளோடு கூடத்தில் நிற்கிறது. படத்துக்கு மாறாக, கோட்டில் வாள் தப்பான பக்கம் இருக்கிறது என்று காவலரிடம் புகார் சொல்பவர்கள் அடிக்கடி வருகிறார்கள். உடனே எனக்கு ஆள் வரும். இழுப்பறையைத் திறந்து கைக்கண்ணாடியை எடுத்துப் போய்ப் படத்தின் எதிரே பிடிப்பேன். யார் கண்டுபிடித்தது, நீங்களா என்று கேட்பார்கள். இல்லை, தப்புப் பண்ணியதுதான் நான், கண்டுபிடித்தது தேராவில் எங்கள் பாய் என்பேன். அதைச் சொல்லும்போது என் குரல் அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்.