வெண்ணிலா வாங்கிய போன்

நாகலூர் பஸ் நிறுத்தத்தில் வெண்ணிலாவைத் தெரியாதவர்கள் இல்லை. பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்க அவளை மிஞ்ச ஆளில்லை என்பது ஒரு காரணம். அவளுடைய வாய் இன்னொரு காரணம். தலைச்சோலையில் பிறந்து நாகலூருக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவன் சின்னராஜுக்குத் திருப்பூரில் சாயப்பட்டறை வேலை; மாதத்துக்கு ஒருமுறை வந்து போவான். எஸ்டேட் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் அவளும் ஆறு வயது மகள் சிவரஞ்சனியும்தான்.

சிவரஞ்சனி குறைமாதத்தில் பிறந்தவள். பால் குடிக்கவும் தெம்பில்லாமல் கிடந்தாள். நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி, குழந்தையைத் தன் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கி, பிழைக்க வைத்தவள் வெண்ணிலா. அப்படி வளர்த்த பிள்ளை இன்னொருத்தி மடியில் உட்கார்ந்தால் அவளுக்கு வயிறு எரிந்தது.

அந்த இன்னொருத்தி ரிஸ்வானா. பஸ் நிறுத்தத்தை ஒட்டி அவளும் கணவர் சிக்கந்தரும் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். போனுக்குக் காசு ஏற்றுவதும் அங்கேதான். பள்ளிக்கூடம் விட்டதும் சிவரஞ்சனி அந்தக் கடைக்கு வந்துவிடுவாள். எஸ்டேட்டிலிருந்து வெண்ணிலா இறங்கி வரும்வரை ரிஸ்வானாதான் கை கால் கழுவிவிட்டு, ஏதாவது தின்னக் கொடுத்து, பாடம் எழுத வைப்பாள். அதற்காக எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வெண்ணிலாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிள்ளை ரிஸ்வானாவை 'ரிசும்மா' என்று கூப்பிட்டது. 'ரிசு' இருந்துவிட்டுப் போகட்டும், பின்னால் அந்த 'ம்மா' எதற்கு? வெண்ணிலாவுக்கு அது காதில் முள்ளாகக் குத்தியது. சாயங்காலம் ரிஸ்வானா போட்டுவிட்ட இரட்டைச் சடையை வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிட்டு, தன் கையால் திரும்பப் பின்னிவிடுவாள். அது பெரும்பாலும் கோணலாக வரும்.

ஒருநாள் ரிஸ்வானாவுக்குப் போட்டியாக அவளும் சேமியா கிண்டினாள்.

"ரிசும்மா ஊட்டு சேமியா உதிரி உதிரியா இருக்கும்மா. இது கொழகொழன்னு இருக்குது."

"அப்ப அங்கயே போய் இருந்துக்க."

"சரிம்மா," என்று பிள்ளை செருப்பைத் தேடியது.

அந்த வாரக் கூலி கைக்கு வந்ததும் வெண்ணிலா ஏற்காட்டுக்கு பஸ் ஏறினாள். பழைய பட்டன் போனைத் தூக்கி எறிந்துவிட்டு, பெரிய கண்ணாடி வைத்த போன் ஒன்றை வாங்கி வந்தாள். கடைக்காரப் பையன் அதில் பொம்மைக்கு முடி அலங்காரம் செய்கிற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். நடுவில் போன் என்னவோ கேட்டுக் கேட்டு நின்றது. "எல்லாத்துக்கும் சரி குடுங்கக்கா," என்றான். கொடுத்தாள்.

வைத்தியம் உடனே வேலை செய்தது. "அம்மா எப்ப வரும், அம்மா எப்ப வரும்" என்று சிவரஞ்சனி கடை வாசலில் நின்று கேட்க ஆரம்பித்தாள். தேடியது அம்மாவை அல்ல, போனைத்தான் என்பது வெண்ணிலாவுக்கும் தெரியும். தெரிந்தால் என்ன? பிள்ளை தன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதே! ரிஸ்வானா "கண்ணு, பாடம் எழுதலியா?" என்று கேட்டு முடிப்பதற்குள் பிள்ளை ஓடிவிடும். அந்த ஓட்டத்தைப் பார்க்க வெண்ணிலாவுக்கு இனித்தது.

லைன் வீடு பள்ளத்தில் இருந்தது. அங்கே சிக்னல் கிடையாது. காலையில் மேட்டுக் காட்டுக்கு ஏறிய பிறகுதான் இடுப்பில் செருகிய போன் 'டிங் டிங்' என்று உயிர் பெறும். இங்கிலீஷில் மெசேஜ் மெசேஜாக வந்து விழும். படிக்கத் தெரியாததால் அழித்துவிடுவாள். பேசுவதற்கு ஏற்றி வைத்த காசு மட்டும் கரைந்துகொண்டே இருந்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி கரைந்தது. பிள்ளை கையில் போன் இருக்கிற சாயங்காலத்தில் ஒரு பைசா போவதில்லை. காலையில், தன் இடுப்பில் இருக்கும்போதுதான் போகிறது. யோசித்தாள். காசு ஏற்றுகிறவர்களைத் தவிர வேறு யார் எடுக்க முடியும்? அது அவர்களாகவே இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாகவும் இருந்தது.

பஸ்ஸுக்குக் கூட்டம் நிற்கிற நேரம் பார்த்துக் கடை முன்னால் நின்றாள்.

"ஏனுங்க சிக்கந்தர் அண்ணா, ஏத்தற காசெல்லாம் எங்கீங்க போகுது?"

"ஏதோ சேவைக்குப் புடிக்கறாங்க போல தாயி. நீ எதையாச்சும் அமுக்கினயா?"

"நான் எதையும் அமுக்கலீங்க. இடுப்புல சும்மா கெடக்கறப்பவே போகுது. ஏத்தற கையாலதான எறக்கவும் முடியும்?"

சிக்கந்தரின் முகம் செத்துவிட்டது. ரிஸ்வானா உள்ளேயிருந்து வந்தாள். "போனக் குடு வெண்ணிலா. பாத்தாத்தான தெரியும்."

"எதப் பாத்தாலும் குடு குடுன்னா எப்படிங்கக்கா? புள்ளைய வாங்கிக்கிட்டீங்க. இதையுமா?"

"பஸ் லேட்டானாலும் பரவால்லப்பா," என்றார் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த அங்கப்பன். நாலு பேர் சிரித்தார்கள். வெண்ணிலா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். "இனிமே இந்தப் பக்கம் கால் வெச்ச, கால ஒடச்சுப்புடுவேன்!"

வாயால் சொல்லிவிடலாம். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வரும் ஆறு வயதுப் பிள்ளையை எங்கே விடுவது? பக்கத்து வீடுகளிலும் எல்லாரும் பழம் பறிக்கப் போகிறவர்கள். பூட்டிய வீட்டு வாசலில் சிவரஞ்சனி இருட்டும்வரை பையோடு குந்தியிருந்தாள். ஒருநாள் காட்டெருமை ஒன்று லைனுக்குள் வந்து போயிருந்தது. "நான் அசையவே இல்லம்மா," என்றது பிள்ளை. அப்போதும் ரிஸ்வானா வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளையைத் தன்னோடு மேட்டுக் காட்டுக்குக் கூட்டிப் போனாள். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார். சவுக்கு மரத்தடியில் சாக்கை விரித்து, போனைக் கையில் கொடுத்து உட்கார வைத்தாள். அடுத்த செடிக்கு நகரும்போது எட்டிப் பார்த்தாள். பொம்மை முகத்தின் மேல் ஒரு பெட்டி வந்து நின்றது. அதில் பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. பிள்ளையின் கட்டைவிரல் யோசிக்காமல் பச்சையை அமுக்கியது. உடனே 'டிங்'.

"என்ன கண்ணு அது?"

"அதாம்மா, அது எப்பவும் வரும். செவப்ப அமுக்கினா பொம்ம போயிரும். பச்சைய அமுக்கினா இருக்கும்."

"ஊட்டுல இருக்கறப்பவும் வருமா?"

"நெறைய வரும்."

வெண்ணிலா கூடையை இறக்கி வைத்தாள். பள்ளத்தில் பிள்ளை அமுக்கியதெல்லாம் சிக்னலுக்குக் காத்துக் கிடந்து, தான் மேடு ஏறியதும் கிளம்பிப் போய்க் காசைத் தின்றிருக்கிறது. பிள்ளையை அடிக்கக் கையை ஓங்கினாள். பொம்மை போய்விடக் கூடாது என்று நினைத்த குழந்தையை எதற்கு அடிப்பது? ஓங்கிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் திங்கட்கிழமை பிள்ளை மறுபடி பூட்டிய வாசலில் குந்தியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய்ப் போனை ரிஸ்வானாவிடம் நீட்டினாள். நடந்ததைச் சொன்னாள். கடைக்கு வெளியே கேட்காத குரலில்தான்.

அன்று வந்து அழிக்காமல் கிடந்த மெசேஜ்களை ரிஸ்வானா பார்த்தாள். "ஜோசியமாம், பாட்டாம், கிரிக்கெட்டாம். ஏகப்பட்டதுல சேந்திருக்கற நீ." ஒவ்வொன்றையும் நிறுத்தினாள். கம்பெனிக்குப் போன் போட்டு, இனிமேல் இந்த நம்பரில் காசு பிடிக்கிற எந்தச் சேவையும் நுழையாதபடி அடைக்கச் சொன்னாள். போன காசு வருமா என்றதற்கு, புகாரை எழுதி வைத்திருக்கிறோம் என்றார்கள். பிறகு அந்த விளையாட்டை எடுத்துவிட்டு, சிவரஞ்சனியைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"இங்க பாரு சாமி. பச்சையோ செவப்போ, நடுவுல பொட்டி வந்துச்சுன்னா எதையும் அமுக்கக் கூடாது. கைய எடுத்துட்டு அம்மாகிட்டக் கொண்டு போய்க் காட்டணும். வைய மாட்டாங்க. என்ன வெண்ணிலா, வைவியா?"

"வைய மாட்டேங்க."

"இப்பப் பூட்டு நம்பர் போடு." ரிஸ்வானா போனை வெண்ணிலாவின் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "எனக்குத் தெரிய வேண்டாம். உம்புள்ள, உம்போனு. அவ கேட்டா உன்னையத்தான் கேக்கணும்."

வெண்ணிலா நம்பர் போட்டாள். இந்த ஒன்றிலாவது ரிஸ்வானா மட்டமாக நடந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது.

"அக்கா, திங்கக்கெழமல இருந்து புள்ளைய..."

"அனுப்பு. அதுக்கு முன்னால ஒன்னு செய்யணும். எங்க ஊட்டுக்காரர அன்னைக்கு எந்தச் சத்தத்துல கேட்டயோ, அதே சத்தத்துல அவருகிட்டச் சொல்லு. நொம்பக் குன்னிப் போய்ட்டாரு மனுசன்."

ஏற்காடு பஸ்ஸுக்கு அப்போதும் ஆள் நின்றது. அங்கப்பன் இன்றும் இருந்தார். வெண்ணிலா கடை முன்னால் போய் நின்றாள். "ஏனுங்க சிக்கந்தர் அண்ணா! காசப் புடிச்சது நீங்க இல்லீங்க. எம்புள்ள வெளையாண்டது, வாங்கிக் குடுத்தது நானு. உங்களச் சொன்னது தப்புங்க!"

"செரி தாயி, விடு," என்றார் சிக்கந்தர், தராசைப் பார்த்தபடி. அங்கப்பன் தன் போனை எடுத்தார். "எம்பேத்தியும் இதத்தான் நோண்டிக்கிட்டு இருக்கறா. ஏம்மா ரிஸ்வானா, இதையுங் கொஞ்சம் பாரேன்." அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள்.

அதற்குள் சிவரஞ்சனி பழகிய கால்களோடு உள்ளே போய், ரிஸ்வானாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெண்ணிலா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நான் எறங்கி வந்துட்டா, அதுக்கு மேல புள்ள ஒரு நிமிசம் இங்க இருக்கக் கூடாதுங்க," என்றாள் கறாராக.

"இருக்காது." ரிஸ்வானா போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பொறாமப்படணும்னா எம்மூஞ்சியப் பாத்து நேராப் படு வெண்ணிலா. போனு வாங்கிப் படாத. செலவு சாஸ்தி."

கூட்டம் சிரித்தது. வெண்ணிலாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் தன் சிரிப்பையும் ரிஸ்வானாவே சம்பாதித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டு, "வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்," என்று கையை நீட்டினாள்.