ஆம்பூரில் விலைபோகாத பெயின்ட் துப்பாக்கி

வீடியோ கேம் கடை வைத்தால் நாள் முழுக்க விளையாடிக்கொண்டே இருக்கலாம் என்று நினைத்தேன். வாடிக்கையாளர் வராவிட்டால் நிஜமாகவே அப்படித்தான். கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில், ஆம்பூர் பஜாரில் மாமனாரின் இடத்தில் நாலு கம்ப்யூட்டர் போட்டிருந்தேன். "கிறிஸ்மஸுக்குள்ள கூட்டம் வரலன்னா செருப்புக் கடை வெச்சிடுவேன் மாப்ள" என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். பயந்துபோய்ச் சென்னைக்கு ஓடி, புதிதாக ஒரு துப்பாக்கி கேம் வாங்கி வந்தேன்.

முதல் போணி

வாசலில் 'அதிரடி யுத்தம்' என்று போர்டு வைத்தேன். ஷூ கம்பெனியில் கட்டிங் பார்க்கும் இம்ரான் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தான். குறி பார்த்துச் சுட்டான். எதிரியின் சட்டையில் மஞ்சள் பெயின்ட் தெறித்தது. எதிரி கையைத் தூக்கிவிட்டு நிதானமாக நடையைக் கட்டினான். அது பெயின்ட் உருண்டையால் அடித்து விளையாடும் விளையாட்டு என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். அட்டையைப் படித்து வாங்குகிற பழக்கம் நமக்கு ஏது!

"இன்னாண்ணா இது, சுட்டா ஷிஃப்ட் முடிஞ்ச மாதிரி கெளம்பிப் போறான்?"

நிபுணர்

தோல் ஷெட்டில் தோலுக்குக் கலர் ஸ்ப்ரே அடிக்கும் குமாருக்குப் பெயின்ட் பிடிக்குமே என்று நானே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவன் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. கலர் பட்ட சுவர் ஒவ்வொன்றின் கிட்டேயும் போய் நின்று உற்றுப் பார்த்தான். முதுகில் எதிரிகள் வர்ணாபிஷேகம் நடத்தினார்கள். சுட்டுத் தொலையேன்பா என்று கெஞ்சினேன்.

"இருண்ணா, பேஸ் கோட்டே இல்லாம கலர் அடிச்சிருக்கான், இந்த லாட்டு அப்பிடியே ரிஜெக்ட் ஆவும்."

டீச்சர்

பக்கத்துத் தெரு கணக்கு டீச்சர் மகனைத் தேடிக் குடையோடு வந்தார். அடி விழப்போகிறது என்று நான் ஒதுங்கினேன். பையனோ அந்த கேமின் முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். மற்ற மூன்று கம்ப்யூட்டரும் அன்று படுத்துவிட்டிருந்தன. டீச்சர் திரையைப் பார்த்தார், மகன் முகத்தைப் பார்த்தார், ஓங்கிய குடையை இறக்கினார்.

"அடுத்த பரீட்சைலயும் மார்க் கம்மியா வாங்கு, தினமும் கூட்டியாந்து இதையே ஆட வெக்கிறேன்."

சாவி

டிசம்பரில் மாமனார் கடைச் சாவி வாங்க வந்தார். கொடுத்துவிட்டேன். மனைவி ஸ்டெல்லாவிடம் என்ன சொல்வது? நான் போர்டைக் கழற்றும்வரை பொழுது போகாமல் அவர் மவுஸைத் தட்டினார். அந்த கேமில் இன்னொரு கோளாறும் உண்டு. எதிரிகள் அடிக்கடி சுவரில் முட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவார்கள். கேரம் போர்டில் தெருவில் எல்லோரிடமும் தோற்பவர் என் மாமனார். அன்று நின்றவர்களை ஒருவர் விடாமல் சுட்டு ஜெயித்துவிட்டார். வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. மறுபடி ஆடினார், மறுபடி ஜெயித்தார். கடைசியில் எழுந்து, சாவியை என் கையிலேயே வைத்தார்.

"செருப்புக் கடை கெடக்குது மாப்ள, இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும் வேற யாரையும் உக்கார வெக்காதீங்க."

ஊரே காறித் துப்பிய கேம்தான் என் கடையைக் காப்பாற்றியது, ஆனால் தினமும் தவறாமல் வந்த அந்த ஒரே ரசிகரிடம் காசு கேட்கும் தைரியம்தான் எனக்குக் கடைசிவரை வரவில்லை.