மைப்பெட்டியோடு வந்த ஏழு பேர்

என் புருஷன் மேல் நான் கொடுத்த கேஸை வாபஸ் வாங்க வைக்க, தாராவியில் எங்கள் ஊர்ச் சங்கத்துப் பெரியவர்கள் ஏழு பேர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். கையில் லெட்டர்பேடு, முத்திரை, கூடவே ஒரு மைப்பெட்டி. அவன் உடைத்த என் வலது கை மாவுக்கட்டில் இருந்ததல்லவா, இடது பெருவிரலை உருட்டிக்கொள்ளலாம் என்று! அந்த முன்யோசனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.

எங்கள் சனங்களுக்கு இது பழகிய வேலை. இதற்கு முன் மூன்று தடவை அடிவாங்கி அதே ஸ்டேஷனில் நின்றிருக்கிறேன். மூன்று தடவையும் என்.சி. என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கோர்ட் உத்தரவில்லாமல் போலீஸ் அதை விசாரிக்கவே முடியாதாம். எனக்கென்ன தெரியும், பெரிய கேஸே போட்டுவிட்டதாக மிதப்பில் இருந்தேன். சங்கம் சமாதானம் எழுதும், நான் கையெழுத்துப் போடுவேன், எல்லோரும் பிரியாணி தின்போம், நான் அவன் வீட்டுக்குத் திரும்புவேன். இந்தத் தடவை திரும்பினால் பிணமாகத்தான் வெளியே வருவேன் என்று தெரிந்தே இருந்தது. ஆனால் பெரியவர்கள் முன்னால் எனக்கு நாக்கு எழாது.

"ஏ தாயி, சட்டுன்னு வெரல வையி. பிரியாணி ஆறிப்போவும்லா" என்றார் தலைவர்.

பெண் இன்ஸ்பெக்டர் லெட்டர்பேடைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இது என்.சி. அல்ல, எஃப்.ஐ.ஆர். என்று இந்தியில் நிதானமாகச் சொன்னார். மனைவியைக் கொடுமைப்படுத்தியது, எலும்பை உடைத்தது, இரண்டுமே குற்றம். இனி இது சர்க்கார் நடத்தும் கேஸ், நிரூபணமானால் ஜெயில். ஸ்டேஷனில் வாபஸ் கிடையாது. ரத்து செய்வதானால் ஹைகோர்ட், அங்கேயும் இந்தம்மா மனசாரச் சம்மதம் சொல்ல வேண்டும்.

ஓரத்துப் பெஞ்சில் உட்கார வைத்திருந்த என் புருஷன் பேயறைந்தவன் போலானான். "ஜெயிலா? வெளிநாட்டு வேலைக்குன்னு எடுத்த எம் பாஸ்போர்ட்டு என்னத்துக்கு ஆவும்?" என்று முனகினான்.

ஏழு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "ஒனக்குச் சம்மதந்தானட்டி?" என்றார் தலைவர்.

எனக்குத் தலை கிறுகிறுத்தது, அத்தனை சந்தோஷம்! கல்யாணத்துக்கே என்னை யாரும் கேட்டதில்லை.

"இல்ல அண்ணாச்சி, சம்மதமில்ல" என்றேன். சொன்ன ருசி பிடித்துப்போய், இன்னொரு தடவையும் சொன்னேன்.