மெஷின் எடுக்காத விரல்

பிள்ளைகளா, அன்னைக்குக் காலையிலேயே வீடு திரும்பி, "மில்லுல கரண்ட் இல்ல"ன்னு சொன்னேனே, அது பொய். வருகைப் பதிவுக்குப் புதுசா வச்ச மெஷின் என் பெருவிரலை எடுக்கல. இருபது வருஷமா அறுந்த நூலை முறுக்கி முறுக்கி ரேகை தேஞ்சு போச்சு.

சூப்பர்வைசர் என் கல்யாணப் பந்தியில பரிமாறினவர். "நோட்டுல கையெழுத்துப் போடுதேன் அண்ணாச்சி"ன்னேன்.

"நோட்டை எடுத்துட்டாங்கவே. உம்ம உள்ள விட்டா நாளைக்கு நானும் வெளியதான்."

"மெஷினுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குமா என்னைத் தெரியாது?"

அவர் வரிசையில அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பாவம், அவரும் என்ன செய்வார்? சங்கரன்கோவில் பஸ் ஏறி வந்துட்டேன். அப்பாவுக்கு லீவுன்னு நீங்க குதிச்சீங்க. உண்மையைச் சொல்ல வாய் வரல.

மறுநாள் ஒவ்வொரு விரலா பதிஞ்சு பார்த்ததுல, இடது சுண்டுவிரல் ரேகையை மெஷின் எடுத்துக்கிட்டது. அதை வச்சுத்தான் இப்பவும் உள்ள போறேன், அதுவும் தேயிறதுக்குள்ள வேற வேலை தேடிக்கிட்டே.