நொண்டியடித்தால்தான் வேலை

சாங்கி விமான நிலையக் கார்கோவில் பெட்டி இறக்கும்போது வழுக்கி விழுந்து, இடது கணுக்காலை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு தெரபிஸ்ட் அக்கா ஒரே நிபந்தனைதான் வைத்தார்.

“இந்தக் கால்ல மட்டும் நின்னு ஹாப் பண்ணிக் காட்டுங்க. அப்பத்தான் வேலைக்கு லெட்டர்.”

அன்று முடியவில்லை. அடுத்த செக்கப்பிலும் தேறாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஃபிரிட்ஜைத் திறப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன். தேக்கா சந்தையிலிருந்து மீன் வாங்கி வந்த அம்மா பார்த்துவிட்டார்.

“தொறந்து தொறந்து என்னடா பாக்குற? மீனுக்கு உசுரு வந்துடுமா? கீழ போய்த் தொலை!”

புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மூன்று சிறுமிகள் சாக்பீஸும் கையுமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சீனச் சிறுமிக்கு விமானம் மாதிரிக் கட்டம் வரைய வேண்டும். மலாய்ச் சிறுமிக்கு அது தெங் தெங். திரும்பி நின்று சில்லைத் தலைக்குமேல் எறிந்து, விழுந்த கட்டத்தை வீடாக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த வீட்டுத் தமிழ்ச் சிறுமியோ பாண்டிதான் என்று நின்றாள். நொண்டியடிக்கிற காலாலேயே சில்லை எத்தித் தள்ள வேண்டுமாம்.

யாரும் கேட்காமலே நான் நீதிபதியானேன். விமானக் கட்டம், மலாய் வீடு, தமிழ் எத்து. மூன்று பேருமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அப்படியென்றால் நல்ல தீர்ப்புதான். எனக்கும் ஓர் ஆட்டம் கேட்டு, ஜோராக நொண்டினேன்.

“அண்ணா, எந்தக் கால் உடைஞ்சிச்சு?” என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

“இடது.”

“அப்புறம் ஏன் வலதுல ஆடுறீங்க? சீட்டிங் லா!”

“நான் விழுந்தா சின்னப் பிள்ளைங்க அழுவீங்களேன்னு பாக்குறேன்.”

“பயம்னு சொல்லுங்க.”

சுருக்கென்றது. காலை மாற்றினேன். முதல் கட்டத்திலேயே தூணைக் கட்டிப்பிடித்தேன். மூவரும் ஒரே குரலில் “அவுட்!” என்றார்கள். அதில் மட்டும் அவர்களுக்குள் சண்டையே இல்லை.

அதற்குப் பிறகு மாலையானால் கீழே போய்விடுவேன். குதிப்பதுகூடப் பரவாயில்லை, எத்துவதுதான் உயிரை வாங்கியது. ஒருவழியாக ஒரு கட்டத்தை வீடாக்கி, அதில் இரண்டு காலையும் ஊன்றி நின்றேன்.

“புக்கிட் மேரால சொந்த வீடு, பாத்தியா?”

“கதை பேசாதீங்கண்ணா, எங்க டர்ன்!”

செக்கப் நாளில் தெரபிஸ்ட் அக்கா தரையில் ஒட்டியிருந்த டேப்பைக் காட்டினார். இடது காலால் அதன் மேலேயே குதித்துப் போனேன். திரும்பும்போது கால் நடுங்கியது. மற்றக் காலை ஊன்றிவிடலாமா என்றிருந்தது. ஊன்றவில்லை.

“வீட்டுல எக்சர்சைஸ் ஒழுங்கா செஞ்சிருக்கீங்க.”

“மூணு கோச் இருக்காங்கக்கா. மூணு பேரும் பிரைமரி டூ.”

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை வேலை. லெட்டரைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நொண்டியடித்தே போனேன். பஸ்ஸிலும் அப்படியே ஏறினேன். ஓர் ஆன்ட்டி பாவப்பட்டு எழுந்து இடம் கொடுத்தார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.