ஓடிபி சொல்லாத வசந்தா அக்கா

கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் பிரிவு என்றால் ஏர்போர்ட்டில் பூச்செண்டு கொடுக்கிற வேலை என்று நினைப்பீர்கள். பாதி நாள் நான் பெருங்களத்தூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். 'இங்கே படிக்க வாருங்கள்' என்று அரசாங்கம் உலகத்தையே கூப்பிடுகிறது, உதவித்தொகையும் தருகிறது. வந்தவர் எங்கே தங்குவது என்பது நம் தலையில். வீடு தேடி அலைந்தவர்களே, நாமெல்லாம் ஒரே கட்சி.

மாடி போர்ஷன்

தான்சானியாவிலிருந்து எம்.எஸ்சி. படிக்க வந்தவள் அமீனா. போன இடத்திலெல்லாம் "ஃபேமிலிக்குத்தான்" என்று கதவைச் சாத்தினார்கள். கடைசியில் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் வசந்தா அக்கா வீட்டு மாடி கிடைத்தது; கீழ் போர்ஷனில் அக்கா. கறி, மீன் சமைப்பாள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"இன்னா வேணா சமைக்கட்டும் சார். டேங்க் ரொம்பினா மோட்டார ஆஃப் பண்ணுமா, அத்தச் சொல்லு."

ரகசிய எண்

வெளிநாட்டவரைக் குடிவைத்தால் வீட்டுக்காரர் ஆன்லைனில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அமீனாவுக்குத் தங்கும் அனுமதி கிடையாது. ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இன்றைக்கு, நாளைக்கு என்று அக்கா இழுத்ததில் கெடு மறுநாள் என்றாகிவிட்டது. ஆபீஸில் உட்கார்ந்து நானே விவரங்களை நிரப்பி, அக்கா போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டேன். பட்டென்று போனை வைத்துவிட்டார். பக்கத்தில் அமீனாவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ பொல்லாத கோபம். மறுபடி கூப்பிட்டேன்.

"எவன் கேட்டாலும் நம்பர் சொல்லாதேன்னு டெய்லி போன்லயே சொல்றாங்க. பேங்க்காரனுக்கே சொல்லல, உனக்கு இன்னாத்துக்குச் சொல்லணும்?"

சுவரைப் பார்த்து

அவர் சொல்வதும் நியாயம்தானே! லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஆட்டோ பிடித்து ஓடினோம். "நீங்களே உங்க கையால போடுங்கக்கா" என்றேன். சம்மதித்தார், ஆனால் நாங்கள் பார்க்கக் கூடாதாம். வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி நானும் அமீனாவும் சுவரைப் பார்த்து நின்றோம். அக்கா ஒவ்வொரு எண்ணாகத் தேடுவதற்குள் நேரம் முடிந்து, இன்னொரு ஓடிபி வந்தது. அமீனா முணுமுணுவென்று பிரார்த்தனை செய்தாள். பிறகு அக்கா, "இன்னாமோ பச்சையா வந்துகீது" என்றார். அப்பாடா! பதிவாகிவிட்டது. அமீனா அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

சில நாளில் தங்கும் அனுமதியும் வந்தது. பிரிண்ட் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். தன் விலாசத்தை விரலால் தடவிப் பார்த்த அக்கா, அமீனாவுக்கு இங்கிலீஷில் சொல்லச் சொன்னார்:

"கவர்மெண்டே உன்னிய என் வூட்டு அட்ரஸ்ல போட்டுகீது. இனிமே எங்க போனாலும் என்னாண்ட சொல்லிட்டுத்தான் போவணும்."

விசா டெல்லியிலிருந்து வரலாம். ஆனால் ஒரு பெண்ணை இந்த ஊர்க்காரியாக்கும் அதிகாரம் கீழ் போர்ஷனில்தான் இருக்கிறது.